வேட்டைப் பறவைகள் இரண்டு

நாவலில் வருகிற பாத்திரத்துக்குக் கதை உண்டு, சரித்திரம் கிடையாது. ஆசிரியன் பேனாவை மூடி வைத்த அன்றோடு அந்தப் பாத்திரத்தின் நல்லதும் பொல்லாததும் முடிந்து போகின்றன. நூறு வருஷம் கழித்துப் படித்தாலும் அவள் அதே பக்கத்தில் அழுவாள்; அதே பக்கத்தில் சிரிப்பாள். அமெரிக்கப் படக்கதைப் பத்திரிகைகளில் உலாவுகிற வீரர்களும் வீராங்கனைகளும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். அங்கே ஒருவர் படைப்பார், இன்னொருவர் வளர்ப்பார், மூன்றாமவர் கொல்வார், நாலாமவர் ஏதோ ஒரு சாக்குச் சொல்லி உயிர்ப்பித்துவிடுவார். பாத்திரம் கம்பெனியின் சொத்து. எழுதுகிறவர்கள் அந்த வீட்டில் வாடகைக்குக் குடியிருந்துவிட்டுப் போகிறவர்கள். ஒருவர் சுவரில் ஆணி அடித்துவிட்டுப் போனால், அடுத்து வருகிறவர் அந்த ஆணியில் ஒரு படத்தை மாட்டுகிறார். இப்படி அறுபது எழுபது வருஷம் குடித்தனம் நடந்த வீட்டுக்குச் சரித்திரம் ஏற்படாமல் எப்படி இருக்கும்?

அப்படிப்பட்ட இரண்டு பெண்களின் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஒருத்தி பெயர் டைனா லான்ஸ். அவளுடைய வீரப் பெயர் பிளாக் கேனரி. மற்றவள் பார்பரா கார்டன். ஒரு காலத்தில் பேட்கேர்ள், பிற்பாடு ஆரக்கிள். இருவரையும் ஜோடி சேர்த்து டி.ஸி. காமிக்ஸ் கம்பெனி 1996-ல் ஆரம்பித்த கதை வரிசைக்கு ‘பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே’ என்று பெயர். வேட்டைப் பறவைகள் என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் படிக்கிற படக்கதையில் பெரியவர்கள் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். நான் பள்ளிக்கூடத்தில் படித்த நாளில் ராணி காமிக்ஸையும் லயன் காமிக்ஸையும் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவன். ஆகையால் இந்தக் கேள்விக்கு நடுநிலையோடு பதில் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். 1984-ல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வெளிவர ஆரம்பித்தபோது அதன் முதல் இதழிலேயே கதாநாயகி ஒரு பெண், மாடஸ்டி. துப்பாக்கி பிடித்த அந்தப் பெண்ணைத் தமிழ்நாட்டுச் சிறுவர்கள் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அவளுக்கும் பக்கத்தில் நிற்க ஓர் ஆண் இருந்தான். ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு பெண்ணை நிறுத்தி, இரண்டு பேரையும் மட்டுமே நம்பிக் கதை நடத்துவது என்பது வேறு விஷயம். அதற்கு அமெரிக்காவிலேயே வெகு காலம் பிடித்தது.

முதலில் பிறந்தவள் கேனரி. 1947 ஆகஸ்டு மாதத்து ‘ஃப்ளாஷ் காமிக்ஸ்’ 86-வது இதழில், ஜானி தண்டர் என்ற அசட்டு வீரனின் கதையில் அவள் வந்து சேர்ந்தாள். கதை எழுதியவர் ராபர்ட் கானிகர். படம் போட்டவர் கார்மைன் இன்ஃபன்டினோ. சித்திரக்காரருக்கு அப்போது 22 வயது. பத்திரிகையின் விலை 10 சென்ட். கறுத்த கூந்தலை மறைக்கப் பொன்னிறப் பொய்முடி, கறுப்புச் சட்டை, வலை பின்னிய காலுறை, இதுதான் கேனரியின் கோலம். வந்த புதிதில் திருடர்களிடமிருந்தே திருடுகிற மாயக்காரியாக இருந்தாள். விருந்தாளியாக நுழைந்தவள், 1948 ஆரம்பத்தில் ஜானி தண்டரை வெளியே அனுப்பிவிட்டு அவனுடைய பக்கங்களைத் தானே எடுத்துக்கொண்டாள். பகலில் பூக்கடை வைத்திருப்பாள். இரவில் திருடர்களை உதைப்பாள். அந்த வருஷமே வீரர்களின் சங்கம் ஒன்றிலும் உறுப்பினராகிவிட்டாள்.

ஆனால் அவளுக்கு வாய்த்த காலம் நல்ல காலம் அல்ல. யுத்தம் முடிந்ததும் முகமூடி வீரர்களிடம் ஜனங்களுக்கு இருந்த மோகம் குறைந்து போயிற்று. ‘ஃப்ளாஷ் காமிக்ஸ்’ 1949-ல் நின்றது. அவள் தங்கியிருந்த மற்றொரு பத்திரிகை 1951-ல் குதிரைக்காரர்களின் கதைக்கு மாறியது. கேனரிக்கு வீடு இல்லாமல் போயிற்று. மூன்று வருஷம் கழித்து, 1954-ல், படக்கதைகள் குழந்தைகளைக் கெடுக்கின்றன என்று டாக்டர் ஃபிரெட்ரிக் வெர்தம் ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்க ஸெனட் சபையின் துணைக் கமிட்டி விசாரணை நடத்தியது. பயந்துபோன பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித் தொகுப்பை எழுதிக்கொண்டார்கள். பெண்களை எப்படி வரையலாம் என்பதற்கும் அதில் விதி இருந்தது. பெண்களுக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 12 வருஷம் எங்கேயோ காணாமல் போயிருந்த கேனரி, 1963-ல்தான் திரும்பி வந்தாள்.

திரும்பி வந்தவளுக்கு 1969-ல் கணவனைப் பறிகொடுக்க நேர்ந்தது. துக்கம் மாறுவதற்குள் வேறோர் உலகத்துக்குக் குடிபெயர்ந்தாள். அங்கே கிரீன் ஆரோ என்ற வில்லாளியின் காதலியானாள். தொண்டையில் எதிரிகளைச் சாய்க்கும் ஓர் அதிசயக் கூவலும் அவளுக்குக் கிடைத்தது. வருஷங்கள் ஓடின. 1947-ல் குமரியாயிருந்தவள் 1980-களிலும் குமரியாகவே இருப்பது எப்படி என்று வாசகர்கள் கணக்குக் கேட்டபோது, கம்பெனிக்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். பழைய கேனரி தாய், புதிய கேனரி மகள் என்று ஒரே பெண்ணை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். நம்முடைய வேட்டைப் பறவை அந்த மகள்தான்.

பார்பரா பிறந்தது தொலைக்காட்சியின் தயவால். 1966-ல் பேட்மன் தொடர் அமெரிக்க வீடுகளில் அமர்க்களப்பட்டது. அதைத் தயாரித்த வில்லியம் டோஸியர், கதையில் ஒரு பெண்ணும் இருந்தால் நன்றாயிருக்கும் என்று விரும்பினார். போலீஸ் கமிஷனர் கார்டனுக்கு ஒரு மகள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானமாயிற்று. 1967 ஜனவரி தேதியிட்ட ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 359-வது இதழில் பேட்கேர்ள் வந்தாள். எழுதியவர் கார்ட்னர் ஃபாக்ஸ். படம் போட்டவர் யார் தெரியுமா? அதே கார்மைன் இன்ஃபன்டினோ. 1947-ல் கேனரிக்கு உருவம் கொடுத்த கையே இருபது வருஷம் கழித்து பார்பராவுக்கும் உருவம் கொடுத்தது. பிற்காலத்தில் சிநேகிதிகளாகப் போகிறவர்கள் இவர்கள் என்று அந்த மனிதருக்கு அன்று சொப்பனத்தில்கூடத் தோன்றியிருக்காது.

பார்பரா புத்தகசாலையில் வேலை பார்க்கிற பெண். டாக்டர் பட்டம் பெற்றவள். போலீஸ்காரர்களின் மாறுவேட விருந்துக்குப் போவதற்காக விளையாட்டாக வௌவால் உடை தைத்துப் போட்டுக்கொண்டு கிளம்புகிறாள். வழியில் ஒரு பணக்காரரைத் தீயவன் ஒருவன் தாக்குவதைப் பார்க்கிறாள். குறுக்கே பாய்ந்து காப்பாற்றுகிறாள். விருந்துக்குப் போக வேண்டிய வேஷமே அவளுடைய வாழ்க்கைத் தொழிலாகிவிடுகிறது. இந்தப் பிறப்பு எனக்குப் பிடிக்கும். பேட்மன் பெற்றோரைக் கொன்ற கொலைகாரனை நினைத்துக்கொண்டு வேஷம் போட்டவன். பார்பராவுக்கு அப்படி யார் மேலும் பழி தீர்க்க வேண்டியதில்லை. செய்ய முடிகிறது, அதனால் செய்கிறாள்.

தொலைக்காட்சியில் பேட்கேர்ளாக நடித்தவர் இவோன் கிரெய்க். அந்தத் தொடர் 1968-ல் முடிந்துவிட்டது. ஆனால் 1970-களில் அமெரிக்கத் தொழில் இலாகாவின் விளம்பரம் ஒன்றில் அவர் மறுபடியும் அந்த உடையில் வந்தார். பேட்மனும் ராபினும் கட்டுண்டு கிடக்கிறார்கள்; பக்கத்தில் வெடிகுண்டு டிக் டிக் என்கிறது. கட்டை அவிழ்த்துவிட வந்த பேட்கேர்ள், ஒரே எஜமானிடம் ஒரே வேலை செய்தும் தனக்கு மட்டும் ஏன் ராபினைவிடச் சம்பளம் குறைவு என்று கேட்கிறாள். 1963-ம் வருஷத்துச் சம ஊதியச் சட்டத்தை ஜனங்களுக்கு நினைவூட்டத்தான் இந்த வேடிக்கை. 1972-ல் படக்கதையில் அவளை அமெரிக்கக் காங்கிரஸ் சபைக்கே தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள்.

இவ்வளவு கௌரவத்துக்கும் பிறகு வந்தவைதான் 1987-ம் வருஷமும் 1988-ம் வருஷமும்.

படக்கதைகள் வயதுக்கு வந்துவிட்டன என்று அமெரிக்கப் பத்திரிகைகள் பேசிக்கொண்ட காலம் அது. பெரியவர்களுக்கான கதை என்றால் இருட்டும் ரத்தமும் நிறைய வேண்டும் என்று ஓர் எண்ணம் ஏற்பட்டிருந்தது. 1987-ல் மைக் கிரெல் எழுதிப் படமும் வரைந்த கிரீன் ஆரோ கதையில், போதைப் பொருள் கும்பலை வேவு பார்க்கப் போன கேனரி பிடிபடுகிறாள், சித்திரவதை செய்யப்படுகிறாள். கிரீன் ஆரோ அங்கே வந்து சேர்ந்து, அவளை வதைத்தவனை அம்பெய்து கொல்கிறான். அதுவரை கொலை செய்யாதவன் கொலைகாரனாகிறான். அதுதான் கதையின் முக்கியத் திருப்பம். கேனரி பட்ட பாடு அந்தத் திருப்பத்துக்கு ஒரு காரணம், அவ்வளவே. அவளுடைய அதிசயக் கூவலும் அதற்குப் பிறகு இல்லாமல் போயிற்று.

அடுத்த வருஷம் ஆலன் மூர் எழுதி பிரையன் போலண்ட் படம் வரைந்த ‘தி கில்லிங் ஜோக்’ வெளிவந்தது. வாசல் மணி அடிக்கிறது. பார்பரா கதவைத் திறக்கிறாள். வெளியே நிற்கிற ஜோக்கர் சுட்டுவிடுகிறான். குண்டு முதுகெலும்பில் பாய்கிறது. அவளை அலங்கோலமாகப் புகைப்படம் எடுத்து, அந்தப் படங்களைக் காட்டி அவளுடைய தகப்பனாரைப் பைத்தியமாக்கப் பார்க்கிறான் ஜோக்கர். அப்புறம் கதை முழுவதும் தகப்பனார், பேட்மன், ஜோக்கர் என்ற மூன்று ஆண்களுடைய மன உறுதியைப் பற்றியது. பார்பராவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு தடவை பார்க்கிறோம், அத்துடன் சரி. சித்திர வேலையில் அந்தப் புத்தகம் ஓர் அற்புதம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1989-ல் ஐஸ்னர் பரிசுகள் அதற்குக் கிடைத்தன. ஆனால் பின்னாளில் மூரே அந்தப் புத்தகத்தைப் பற்றி அதிருப்தியோடுதான் பேசினார். பார்பரா விஷயத்தில் கம்பெனிக்காரர்கள் தம்மைத் தடுத்திருக்க வேண்டும் என்பது அவர் அபிப்பிராயம்.

கதை எழுதுகிற ஜாதியிடம் இது பழைய வழக்கம். கதாநாயகனுக்குக் கோபம் வர வேண்டுமா? அவன் தங்கையைக் கெடுத்துவிடு. அவன் திருந்த வேண்டுமா? மனைவியைக் காசநோயில் சாகவிடு. சினிமாவில் இது இன்னும் சுலபம். பெண்ணின் துன்பம் அடுப்பில் வைக்கிற விறகு, சமையல் வேறொருவருக்கு. அமெரிக்கப் படக்கதையில் இந்த வழக்கத்துக்கு ஒரு பெயரே பிற்பாடு ஏற்பட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதுகெலும்பு முறிவது ஆணுக்கும் நேர்ந்ததுண்டு. 1993-ல் பேன் என்ற பலசாலி பேட்மனைத் தலைக்கு மேல் தூக்கி, முழங்காலில் போட்டு முதுகை முறித்தான். பேட்மன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தான். 1994-ல் எழுந்து நின்று மறுபடியும் கூரை மேல் ஓட ஆரம்பித்தான். அதற்கு முந்தின வருஷம் ஸூபர்மேனையே கொன்றார்கள். அவனும் 1993-க்குள் திரும்பி வந்துவிட்டான். சாவுக்கே மருந்து உள்ள உலகத்தில் பார்பரா கார்டனுடைய கால்களுக்கு மட்டும் மருந்து கிடைக்கவில்லை. 23 வருஷம் கிடைக்கவில்லை. முதலில் இதற்குக் காரணம் அலட்சியம். அவளைப் பற்றிக் கம்பெனியில் யாருக்கும் வேறு யோசனை இருக்கவில்லை. அந்த அலட்சியத்தைப் பெருமையாக மாற்றியவர்கள் ஒரு தம்பதி.

ஜான் ஆஸ்ட்ராண்டரும் அவர் மனைவி கிம் யேலும் அப்போது ‘ஸூயிசைட் ஸ்குவாட்’ என்ற பத்திரிகைக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தார்கள். பார்பராவைச் சுட்டுப் போட்டுவிட்டு அப்படியே விட்டுப் போனது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. சுட்டது சுட்டதுதான், ஆனால் சுடப்பட்டவள் அப்புறம் என்ன ஆனாள் என்பது கதையில்லையா? 1989 ஜனவரி இதழில் ஒரு கம்ப்யூட்டர் திரையில் முகம் தெரியாத யாரோ ஒருவர் செய்தி அனுப்புகிறார். தன் பெயர் ஆரக்கிள் என்கிறார். வேண்டிய தகவலையெல்லாம் எங்கிருந்தோ எடுத்துக் கொடுக்கிறார். அந்த ஆரக்கிள் பார்பராதான் என்று 1990-ல் வாசகர்களுக்குச் சொன்னார்கள்.

ஆரக்கிள் என்றால் பழைய கிரேக்கர்களின் கோயிலில் குறி சொல்லும் தெய்வ வாக்கு. தமிழில் சொல்வதானால் ‘அசரீரி’ என்பதே எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. சரீரம் இல்லாத குரல். சரீரத்தைச் சேதப்படுத்திவிட்டு இவள் கதை முடிந்தது என்று எண்ணியவர்களுக்கு, குரலாக வந்து நின்றாள். புத்தகசாலைக்காரி என்று 1967-ல் சும்மா போகிற போக்கில் வைத்த உத்தியோகம் இப்போது உயிர் பெற்றது. எந்தச் சமாசாரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது புத்தகசாலைக்காரியின் வித்தை. உலகத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்த காலத்தில் அதைவிடப் பெரிய ஆயுதம் வேறென்ன? பேட்கேர்ளாக இருந்தபோது பேட்மனின் நிழலாக இருந்தவளிடம் இப்போது பேட்மனே தகவல் கேட்டு வந்தான்.

1996-ல் இந்தத் தம்பதி பார்பரா ஆரக்கிளாக மாறிய கதையை முழுசாக எழுதினார்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கிற நாட்களும், தான் இரண்டு ஆண்களின் ஆட்டத்தில் வெறும் காயாகிவிட்டோமே என்கிற ஆத்திரமும், உட்கார்ந்த இடத்திலிருந்தே கோல் சுழற்றிச் சண்டை போடக் கற்றுக்கொள்வதும் அதில் வருகின்றன. 1988-ல் அவளுக்கு மறுக்கப்பட்ட பக்கங்களை எட்டு வருஷம் கழித்துக் கொடுத்தார்கள் என்று சொல்லலாம். கிம் யேல் மறு வருஷமே, 1997 மார்ச்சில், மார்பகப் புற்றுநோயால் காலமானார். வயது 43. தம் நோயைப் பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் பத்திரிகையில் எழுதி வந்தவர் அவர்.

அதே 1996-ல்தான் ஜோடி சேர்ந்தது. ஜோர்டன் கோர்ஃபிங்கல் என்ற ஆசிரியரின் யோசனை; எழுதியவர் சக் டிக்ஸன்; சித்திரம் கேரி ஃபிராங்க். முதலில் ஒரே ஒரு புத்தகம் போட்டுப் பார்த்தார்கள். அப்போது கேனரியின் நிலைமை எப்படி இருந்தது? அதிசயக் கூவல் இல்லை. காதலன் கிரீன் ஆரோ 1995-ல் இறந்துவிட்டான். அவனைக் கொன்ற இதழை எழுதியவரும் இந்த டிக்ஸன்தான். போக்கிடம் தெரியாமல் நின்றவளுக்கு ஆரக்கிளிடமிருந்து வேலை வந்தது. கோதம் நகரத்து மணிக்கூண்டில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஒருத்தி கண்ணாகவும் காதாகவும் இருப்பாள். மற்றவள் தெருவில், கடலில், ஊர் பேர் தெரியாத தேசங்களில் கையும் காலுமாக இருப்பாள். இருவருக்கும் நடுவே கேனரியின் காதில் பொருத்திய சின்னக் கருவி.

இங்கே நான் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. பெண்ணுக்குப் பெண் துணை என்பது நமக்குப் புதிது அல்ல. சங்கப் பாட்டில் தலைவி என்றால் கூடவே தோழி உண்டு. பல இடங்களில் தலைவியைவிடத் தோழிக்குத்தான் புத்தி அதிகம். ஆனால் இரண்டு பேரும் பேசுவது யாரைப் பற்றி? தலைவனைப் பற்றி. வருகிறேன் என்றவன் வரவில்லை, வந்தவன் மணக்கவில்லை, மணந்தவன் பரத்தை வீட்டுக்குப் போனான். சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் மாதவியும் ஒரே ஊரில் வாழ்கிறார்கள். ஒரே மனிதனால் துன்பப்படுகிறார்கள். இளங்கோவடிகள் அவர்களை ஒரு தடவைகூட எதிரெதிரே உட்கார்த்தி வைத்துப் பேசவிடவில்லை. பேசியிருந்தால் கோவலனைத் தவிர வேறு எதைப் பற்றிப் பேசியிருப்பார்கள் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு.

வேட்டைப் பறவைகளில் இரண்டு பெண்கள் இடைவிடாமல் பேசுகிறார்கள். வேலையைப் பற்றிப் பேசுகிறார்கள். எந்த வாசல் வழியாகப் போவது, எத்தனை பேர் காவல், ஏன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று பேசுகிறார்கள். ஒருத்தி எதையும் திட்டம் போட்டே செய்கிறவள். மற்றவள் திட்டத்தை வாசற்படியிலேயே மறந்துவிடுகிறவள். ஆண்களைப் பற்றிய பேச்சும் உண்டு. ஆனால் அது நடுவில் வந்து போகிற பேச்சு. இதில் வேடிக்கை என்னவென்றால், கேனரிக்கு ஆரக்கிள் யார் என்றே தெரியாது. முகம் தெரியாது, பெயர் தெரியாது, நடக்கிறவளா உட்கார்ந்திருப்பவளா என்பது தெரியாது. அந்தக் குரலை நம்பிக் கூரையிலிருந்து குதிக்கிறாள். சில தனிப் புத்தகங்கள் வந்தன. 1999 ஜனவரி முதல் மாதப் பத்திரிகையாகவே நடந்தது. கடைசியில் 2000-ம் வருஷம் 21-வது இதழில்தான் இருவரும் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். வாசகர்கள் நாலு வருஷம் காத்திருந்த சந்திப்பு.

இந்தச் சமயத்தில் ஆரிகன் மாகாணத்தில் தலைமுடி அலங்காரத் தொழில் செய்துகொண்டிருந்த ஒரு பெண், 1999-ல் ஒரு பட்டியலைத் தயாரித்து இணையத்தில் வெளியிட்டார். அவர் பெயர் கெயில் ஸிமோன். படக்கதைகளில் கொல்லப்பட்ட, வதைக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருந்தன. 1994-ல் வந்த ஒரு ‘கிரீன் லான்டர்ன்’ கதையில் நாயகனின் காதலியைக் கொன்று குளிர்சாதனப் பெட்டியில் அடைத்து வைத்திருப்பான் ஒரு தீயவன். அதை வைத்து, ‘குளிர்பெட்டியில் பெண்கள்’ என்று பட்டியலுக்குத் தலைப்பிட்டார். நான் முன்னே சொன்ன வழக்கத்துக்குப் பெயர் வந்த கதை இதுதான். பட்டியலில் பார்பராவும் இருந்தாள், கேனரியும் இருந்தாள்.

இந்த மாதிரிப் பட்டியல் போடுகிறவர்களிடம், “நீதான் எழுதிக் காட்டேன்” என்று சொல்வது உலக வழக்கம். கெயில் ஸிமோன் எழுதிக் காட்டினார். 2003-ல் 56-வது இதழிலிருந்து வேட்டைப் பறவைகளை எழுதும் பொறுப்பு அவருக்கு வந்தது. 2007 வரையில் எழுதினார். அவருடைய முதல் கதையைக் கவனியுங்கள். கேனரி பிடிபடுகிறாள்; கொடுமைப்படுத்தப்படுகிறாள். 1987-ல் நடந்த அதே காரியம்! ஆனால் பிடித்தவன் மிரட்டுவது எந்தக் காதலனையும் அல்ல, ஆரக்கிளை. தேடிப் புறப்படுகிறவளும் ஹன்ட்ரஸ் என்ற இன்னொரு பெண். பிடிபட்டவளும் சும்மா அழுதுகொண்டு காத்திருக்கவில்லை. பழைய காட்சியைத் திரும்ப எடுத்து, அதிலிருந்த நாயகனை மட்டும் நீக்கிவிட்டார். உடனே அது வேறு கதையாகிவிட்டது. நாவல் எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த ஒரு காரியம் எத்தனையோ இலக்கியச் சொற்பொழிவுகளைவிட அதிகம் கற்றுக் கொடுத்தது.

அந்த ஹன்ட்ரஸ் வந்து ஜோடி மூவராயிற்று. பிறகு இன்னும் பலர் சேர்ந்து கூட்டமாயிற்று. 2002-ல் இதே பெயரில் ஒரு தொலைக்காட்சித் தொடரும் வந்தது; 13 பகுதிகளோடு நின்றுவிட்டது. அதிலே பார்பரா சக்கர நாற்காலியில்தான் இருந்தாள். 2020-ல் வந்த சினிமாவில் கேனரி இருந்தாள், ஹன்ட்ரஸ் இருந்தாள். பார்பரா இல்லவே இல்லை. குரல் இல்லாமல் வேட்டைப் பறவைகளா என்று எனக்குத் தோன்றியது. சினிமாக்காரர்களுக்கு அவர்களுடைய கணக்கு.

இனி 2011-க்கு வர வேண்டும். அந்த வருஷம் செப்டம்பரில் டி.ஸி. கம்பெனி தன்னுடைய பத்திரிகைகளையெல்லாம் முடித்துக்கொண்டு, 52 பத்திரிகைகளைப் புதிதாக முதல் இதழிலிருந்து ஆரம்பித்தது. எல்லோரும் இளமையானார்கள். தென்னாப்பிரிக்காவில் ஒரு வைத்தியம் பலித்தது என்று சொல்லி, பார்பராவை எழுந்து நடக்க வைத்தார்கள். மறுபடியும் அவள் பேட்கேர்ள். எழுதியவர் வேறு யாருமல்ல, கெயில் ஸிமோனேதான்!

நடக்க முடியாதவள் நடந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? அநேகர் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் சக்கர நாற்காலியிலேயே வாழ்கிற வாசகர்கள் பலர் துக்கப்பட்டார்கள். அவர்கள் எழுதியதை நான் படித்தேன். அவர்கள் கேட்டது இதுதான்: ஸூபர்மேன் பறப்பான், ஃப்ளாஷ் ஓடுவான், எங்களைப் போல உட்கார்ந்துகொண்டே உலகத்தைக் காப்பாற்ற எங்களுக்கு ஒருத்திதான் இருந்தாள், அவளையும் நடக்கிறவர்களிடம் கொடுத்துவிட்டீர்களே? அவளுடைய நாற்காலி எங்களுக்குத் துக்கச் சின்னம் அல்ல, உத்தியோக நாற்காலி!

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது சுலபம் அல்ல. 1988-ல் அநியாயமாகப் பறிக்கப்பட்டதைத் திருப்பிக் கொடுத்தோம் என்று கம்பெனி சொல்லலாம். பேட்மனுக்கு ஒரு வருஷத்தில் குணமாயிற்றே, பார்பராவுக்கு மட்டும் 23 வருஷமா என்ற கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் என் மனசு அந்த வாசகர்கள் பக்கமே சாய்கிறது. பறிகொடுத்ததைத் திருப்பித் தருவது ஒரு வகை நியாயம். பறிகொடுத்த பிறகு அவள் தானாகச் சம்பாதித்ததைக் காப்பாற்றித் தருவது இன்னொரு வகை நியாயம். முதலாவதைச் செய்யப் போய் இரண்டாவதைக் கோட்டைவிட்டார்கள். அந்த 23 வருஷத்தில் கிம் யேலும் மற்றவர்களும் அவளுக்குச் சேர்த்து வைத்த சொத்து, எந்த ஆணும் தந்ததல்ல; எந்த வைத்தியரும் தந்ததல்ல. பின்னால் வந்த கதைகளில் ஆரக்கிள் என்ற பெயரும் அவளிடம் திரும்பியதுண்டு. வேட்டைப் பறவைகளும் 2011-க்குப் பிறகு நின்றும் நடந்தும், 2023-ல் மறுபடி புதிதாக ஆரம்பித்தும் வந்திருக்கிறார்கள். வாடகை வீடு அல்லவா? ஒரு குடித்தனக்காரர் எடுத்து வைத்ததை அடுத்தவர் மறுபடி மாட்டுவார்.

தலைமுறை தலைமுறையாக யார் யாரோ எழுதுகிற இந்தப் படக்கதைகளில் அடித்தலும் திருத்தலும் ஏராளம்; அபத்தங்களும் ஏராளம். கேனரியின் வலைக் காலுறையோடு யாரால் மதில் ஏறிக் குதிக்க முடியும் என்று என் வீட்டில் கேட்கப்பட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் வாய்ப்புக் கிடைத்தால் இவற்றில் ஒரு சில இதழ்களை வாசகர்கள் படித்துப் பார்க்க வேண்டும் என்று சிபாரிசு செய்வேன். ‘தி கில்லிங் ஜோக்’ எளிதாகக் கிடைக்கும், அதையும் படிக்கலாம். ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்பராவை விட்டுவிட்டு அந்தப் புத்தகம் முடிகிறது. கிம் யேலும் அவர் கணவரும் 1996-ல் எழுதிய கதை அந்தக் கட்டிலிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு, பிறகு கேனரியும் ஆரக்கிளும் முதன்முதலாக முகம் பார்த்துக்கொள்கிற 2000-ம் வருஷத்து இதழுக்கு வாருங்கள். அத்தனை வருஷம் குரலை மட்டும் நம்பி நடந்த ஒருத்தி, அந்தக் குரலுக்கு உரியவள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை அங்கே முதல் தடவையாகப் பார்க்கிறாள். மறு மாதமே இருவரும் வழக்கம்போல வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.